நாய்க்குட்டியின் சிகிச்சைச் செலவும் உதவி கேட்கும் ஒழுங்கும்

வவுனியா வடக்குப் பிரதேச செயலகப் பிரிவில் அடங்கும் நெடுங்கேணியிலும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலும் நாய் என்பது வளவுக் காவலுக்கும் வயலில் பன்றி விரட்டுவதற்கும் உரிய பிராணியாகவே நெடுங்காலம் கருதப்பட்டு வந்ததனால், மாட்டுக்குச் செலவழிப்பதை எவரும் கேள்வி கேட்காத வீட்டிலும் நாய்க்குட்டிக்குச் செலவழிப்பது விளக்கம் சொல்ல வேண்டிய காரியமாகிவிடுகிறது. நோயுற்ற குட்டியைக் காப்பாற்ற முனைபவர் பணத்தட்டுப்பாட்டோடு கூச்சத்தையும் சுமக்கிறார். அக்கூச்சமே பல வேளைகளில் குட்டியின் உயிருக்கு உலை வைக்கிறது.

இவ்வாறான அவசரத்துக்குப் பெரும்பாலும் காரணமாவது பார்வோ எனப்படும் வைரசு நோய். 1978 அளவில் உலகின் பல நாடுகளில் ஏறத்தாழ ஒரே காலத்தில் அடையாளங் காணப்பட்ட இந்நோய், ஆறு வாரத்துக்கும் ஆறு மாதத்துக்கும் இடைப்பட்ட குட்டிகளையே அதிகம் தாக்குகிறது. குடலின் உட்சுவரைப் புதுப்பிக்கும் கலங்களையும் என்பு மச்சையையும் அது அழிப்பதால், ஓயாத வாந்தியும் நாற்றம் வீசும் இரத்தக் கழிச்சலும் உண்டாகி, உடலின் நீர் வற்றி, தொற்றை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்கள் குறைந்து, குட்டி இரண்டு மூன்று நாளில் இறந்துபோகக்கூடும். இதற்கு அளிக்கப்படுவது தாங்கு சிகிச்சை, அதாவது இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்து, வாந்தியை நிறுத்தி, பக்றீரியாத் தொற்றைத் தடுத்து, உடல் தானே மீளும்வரை உயிரைப் பிடித்து வைத்திருக்கும் முறை. சிகிச்சை கிடைக்காத குட்டிகளில் பெரும்பாலானவை இறக்கின்றன. உரிய வேளையில் கிடைத்தவற்றில் பெரும்பாலானவை பிழைக்கின்றன. கழுத்துத் தோலைக் கிள்ளித் தூக்கிவிட்டால் அது உடனே படியாமல் மடிப்பாகவே நிற்பதும், முரசு ஈரமின்றி வெளிறிப் பிசுபிசுப்பதும் நீர் வற்றிவிட்டதற்கான அடையாளங்கள். அந்த நிலையில் வீட்டில் இருந்து யோசிப்பதற்கு நேரம் இல்லை.

அனுபவம் காட்டும் வழக்கம் வேறாக இருக்கிறது. குட்டி படுத்தவுடன் வளர்ப்பவர் முதலில் கனடாவிலோ சுவிசிலோ இருக்கும் உறவினருக்குச் செய்தி அனுப்பிவிட்டு மறுமொழிக்குக் காத்திருக்கிறார். நெடுங்கேணியில் காலை ஒன்பது மணியாகும்போது ரொறன்ரோவில் நள்ளிரவு நெருங்கியிருக்கும் என்பதால், பணம் வருவதற்கு முன்பே ஒரு பகல் போய்விடுகிறது. உதவி கேட்கப்பட வேண்டிய முதல் ஆள் உண்மையில் வைத்தியரே. "டொக்டர், கையில இப்ப இவ்வளவுதான் இருக்கு, இதுக்குள்ள முதல் என்ன செய்யலாம்?" என்று ஒளிக்காமல் கேட்டால், இன்றே செய்தாக வேண்டியது எது, நாளைக்கு ஒத்திவைக்கக்கூடிய பரிசோதனை எது, வீட்டிலேயே பார்க்கக்கூடியது எது என்று அவர் பிரித்துச் சொல்ல முடியும். பணமில்லை என்று மட்டும் சொல்லிக் கையைப் பிசைந்துகொண்டு நிற்பவருக்கு இந்தப் பிரிப்பு கிடைப்பதில்லை.

இவ்வாறு கேட்பது தரக்குறைவான வைத்தியத்தைக் கேட்பதாகாது என்பதற்கு ஓர் ஆய்வு துணை நிற்கிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2017 இல் வெளியிட்ட அந்த ஆய்வில், பார்வோ கண்ட 40 குட்டிகளுக்கும் முதலில் நாளத்தின் வழியே நீரேற்றி நிலையைச் சீராக்கிய பின்னர், ஒரு பாதிக்கு மருத்துவமனையில் முழுமையான சிகிச்சையும் மறுபாதிக்கு வெளிநோயாளர் முறையில், தோலுக்கடியில் நீர் செலுத்துதல், வாந்தி நிறுத்தும் ஊசி, நீண்டநாள் வேலைசெய்யும் நுண்ணுயிர்க்கொல்லி ஊசி ஆகியனவும் அளிக்கப்பட்டன. முதற்பிரிவில் 90 வீதமும் இரண்டாம் பிரிவில் 80 வீதமும் பிழைத்தன. ஆரம்ப நீரேற்றத்தை விட்டுவிட்டு வீட்டுச் சிகிச்சையை மட்டும் எடுத்துக்கொள்வதற்கு இதில் இடமில்லை. செலவைச் சுருக்கலாம், தொடக்கத்தைச் சுருக்க முடியாது. தோலுக்கடியில் நீர் செலுத்தும் முறையை வைத்தியர் வீட்டாருக்குக் காட்டிக் கொடுக்கும்போது, சேலைன் பையை யன்னல் கம்பியில் மாட்டி, தோளுக்கு மேலுள்ள தளர்ந்த தோலைக் கூடாரம்போல் உயர்த்தி ஊசியேற்ற வேண்டும் என்பதையும், நீர் அங்கே ஒரு வீக்கமாகத் திரண்டு, முன்னங்கால் வரை தொங்கி, சில மணி நேரத்தில் வற்றும் என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்வது நல்லது. வீக்கத்தைக் கண்டு பயந்து பாதியில் நிறுத்தியவர்கள் உண்டு.

மருந்துச் செலவிலும் வைத்தியரால் உதவ முடியும். மனிதருக்குப் பயன்படும் ஹார்ட்மன் கரைசல், வாந்தி நிறுத்தும் மருந்து முதலியன பாமசியில் கிடைப்பவை. வைத்தியர் அளவு குறித்து, வணிகப் பெயரை விட்டு உட்பெயரில் சிட்டை எழுதித் தந்தால் விலை குறைந்ததை வாங்கலாம். 1971 இல் பேராசிரியர் சேனக பிபிலேயை முதல் தலைவராகக் கொண்டு உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நடத்தும் ஒசுசல கடைகள் இவ்வகையில் பயன்படும். சிட்டையில்லாமல் வீட்டில் கிடக்கும் நோவு மாத்திரையைக் கொடுப்பது வேறு கதை. ஐபுபுரோபன் போன்றவை நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுப்பவை.

போக்குவரத்துச் செலவைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் குட்டியைக் காட்டிய பின்னர் வவுனியாவுக்குக் கொண்டுபோக நேர்ந்தால், புளியங்குளம் சென்று ஏ9 வீதியால் இறங்க வேண்டியிருக்கிறது; வாந்தியெடுக்கும் நாயைப் பேருந்தில் ஏற்றுவதும் இலகுவல்ல, ஓட்டோக் கூலியோ சில வேளை மருந்தை விஞ்சும். சந்தைக்கு மரக்கறி ஏற்றிச் செல்லும் பட்டா வாகனக்காரரிடம் ஓரிடம் கேட்பது, பணம் கேட்பதைவிட எளிதாகக் கிடைக்கும் உதவி. குட்டியைத் துவாயில் சுற்றிப் பெட்டியில் வைப்பதும், இறங்கிய பின் வாகனத்தைக் குளோரின் நீரால் கழுவிக் கொடுப்பதும் கேட்டவரின் கடமை.

இத்தனைக்கும் பிறகு குறையும் தொகையே மற்றவரிடம் கேட்கப்பட வேண்டியது. நோயின் பெயர், வைத்தியர் எழுதிய சிட்டையின் படம், இதுவரை கட்டிய பணம், இன்னும் தேவையான தொகை ஆகியவற்றைச் சொல்லும் சிறிய செய்தி, அழுதுபுலம்பும் நீண்ட குரற்பதிவைவிட நம்பிக்கை தரும். கொடுப்பவர் விரும்பினால் பணத்தை நேரே சிகிச்சை நிலையத்துக்கே செலுத்தலாம் என்று சொல்லிவிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் சுழற்சிக் கடனோ அக்கம்பக்கத்துக் கைமாற்றோ பரவாயில்லை. கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து அறவிடும் நுண்கடன் கூடவே கூடாது. வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட அத்தகைய கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018 இல் அரசே அறிவிக்க நேர்ந்ததை வன்னியில் மறந்தவர் இருக்க மாட்டார்.

இலண்டனில் ஏழைகளின் பிராணிகளுக்கென 1917 இல் மரியா டிக்கின் தொடங்கிய இலவச வைத்திய நிலையம் இன்று பிரித்தானியா முழுவதும் பரவியுள்ள தொண்டு நிறுவனமாகியிருக்கிறது. வடக்கில் அதற்கு நிகரானது இல்லை. இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை நடத்தும் சரணாலயம் கட்டாக்காலி நாய்களுக்கானது, வீட்டு நாயின் கட்டணத்தை ஏற்பதற்கானதன்று. எனினும் நாய்களோடு நாளாந்தம் பழகும் அத்தகைய இடங்களில், எந்த வைத்தியரை அணுகலாம் என்ற தகவலைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

"ஊசி போட்ட நாய்தானே" என்ற பேச்சையும் இங்கு கவனிக்க வேண்டும். சுகாதாரத் துறையினர் இலவசமாகப் போடுவது விசர்நோய்த் தடுப்பூசி. அது பார்வோவைத் தடுக்காது. பார்வோவுக்கான ஊசியை ஆறு தொடக்கம் எட்டு வார வயதில் தொடங்கி, தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச்சக்தி ஊசியின் பயனைக் கெடுக்கக்கூடும் என்பதால், பதினாறு வாரம் வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை சொந்தச் செலவில் போட வேண்டும். வைரசு வளவு மண்ணில் பல மாதங்கள் உயிர்ப்போடு கிடக்குமாதலால், குட்டி இறந்த வீட்டுக்கு இன்னொரு குட்டியைத் தர வருபவரிடம், இந்த ஊசிகள் முடிந்த பிறகு கொண்டுவரச் சொல்ல வேண்டும்.