தொப்பி சுருங்கியது சுடுதண்ணீராலா?

கேள்வி: என் தங்கச்சிக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. அவுஸ்திரேலியாவில் இருக்கும் சித்தப்பா அனுப்பிய மெரினோ கம்பளி நூலில் ஒரு தொப்பியும், ஹட்டன் கடையில் வாங்கிய ‘வுல்’ நூலில் ஒரு சோடி காலுறையும் பின்னிக் கொடுத்தேன். பிள்ளையின் துணியாயிற்றே என்று அவளுடைய மாமியார் இரண்டையும் சுடுதண்ணீரில் போட்டு, சவர்க்காரம் தேய்த்துக் கசக்கிக் கழுவினார். காலுறை அப்படியே இருக்கிறது. தொப்பியை இனிப் பொம்மைக்குத்தான் போடலாம். இரண்டும் கிடந்தது ஒரே தண்ணீரில்தானே? என் பின்னலில் பிழையா?
(வாசகி, ஹட்டன்)

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் பின்னலில் ஒரு பிழையும் இல்லை. ‘ஒரே தண்ணீரில்தானே’ என்று கேட்டீர்களே, அருமையான கேள்வி. பாதி விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

சூடு பட்டால் கம்பளி இழை சுருங்கிவிடும் என்றுதான் பலரும் நம்புகிறார்கள். மிச்ச நூல் இருந்தால் நீங்களே சோதித்துப் பாருங்கள். உள்ளங்கை அளவில் இரண்டு சதுரங்கள் பின்னி, இரண்டு பாத்திரங்களில் ஒரே சூடுள்ள தண்ணீரில் போடுங்கள். ஒன்றைத் தொடாமல் ஆறவிடுங்கள். மற்றதைச் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கசக்குங்கள். தொடாத துண்டு ஏறக்குறைய பழைய அளவிலேயே இருக்கும். கசக்கிய துண்டு சுருங்கித் தடித்திருக்கும். ஆகவே சூடு துணைக் காரணம்தான். முதற்காரணம் கசக்கல்.

அது ஏன் என்று படிப்படியாகப் பார்ப்போம். உங்கள் தலைமுடி ஒன்றை இரு விரல்களுக்கிடையே பிடித்து, வேரிலிருந்து நுனிக்கு இழுங்கள். வழுக்கிக்கொண்டு வரும். நுனியிலிருந்து வேருக்கு இழுத்தால் லேசாகச் சொரசொரக்கும். முடியின் மேல் மீன் செதில்போல நுண்ணிய செதில்கள் ஒரே பக்கம் பார்த்து அடுக்கியிருப்பதே காரணம். ஆட்டு மயிரான கம்பளியும் கெராட்டின் என்ற அதே புரதத்தால் ஆனதுதான். நம் நகத்திலும் முடியிலும் இருப்பதும் அதுவே. கம்பளி இழையிலும் இந்தச் செதில்கள் உண்டு.

நூலில் முறுக்கியிருக்கும் இழைகள் பல திசை பார்த்துக் கிடப்பவை. கசக்கும்போது ஒவ்வோர் இழையும் தன் வேர்ப்பக்கம் எளிதாக நகரும். திரும்பி வர முயன்றால் செதில் தடுக்கும். இப்படிச் சிறிது சிறிதாக நகர்ந்து இழைகள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கி இறுகுகின்றன. சூடும் சவர்க்காரமும் இழையை ஊறவைத்து இளக்கி, அந்த நகர்வை விரைவாக்குகின்றன. இதற்கு ஃபெல்ட்டிங் என்று பெயர். கம்பளி இறுகிப் போதல் என்று சொல்லலாம். இழைகளின் நீளம் குறையவில்லை, அவற்றுக்கிடையே இருந்த இடம்தான் குறைந்துவிட்டது. இறுகியதைப் பழையபடி பிரிக்க முடியாது.

மழையில் நனையும் ஆடு ஏன் சுருங்குவதில்லை என்று கேட்பீர்கள். அதன் மயிர் வேரில் பிடிபட்டு ஒரே திசையில் வளர்கிறது, எண்ணெய்ப் பசையும் காக்கிறது.

காலுறைக்கு வருவோம். கடைகளில் ‘வுல்’ என்று விற்கும் நூலில் பெரும்பகுதி அக்ரிலிக், அதாவது பெற்றோலிய மூலப்பொருளிலிருந்து செய்யும் செயற்கை இழை. இவ்வகை இழை 1950 அளவில்தான் பரவலாகச் சந்தைக்கு வந்தது. அதன் மேல் செதில் இல்லை, ஆகவே அது இறுகாது. ஆனால் கொதிநீரில் போட்டால் அதுவும் தளர்ந்து தொய்ந்துவிடும்.

அப்படியானால் இனி அக்ரிலிக்கே போதுமே என்று எண்ணிவிடாதீர்கள். 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியா போன்ற நம் மலையக ஊர்களில் குளிரோடு ஈரமும் சேர்ந்தே இருக்கும். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தொடுவதற்கு நனைந்ததாகத் தெரியாது. அக்ரிலிக் இரண்டு வீதம் அளவுக்குத்தான் வாங்கும். தேயிலைத் தோட்டத்தில் அந்நாளைய பாட்டிமார் மழையிலும் தலையில் கம்பளி போட்டுக்கொண்டு கொழுந்து பறித்தார்கள் அல்லவா? இன்னொன்றும் கவனியுங்கள்: விறகடுப்பு எரியும் லயத்து வீட்டில் தீப்பொறி பட்டால் கம்பளி கருகி அணைந்துவிடும்; அக்ரிலிக் உருகித் தோலில் ஒட்டும். அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயவைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

கம்பளியைக் கழுவுவது கடினமல்ல. முழங்கையை விட்டால் சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல் இருக்கும் தண்ணீரில் சிறிது ஷாம்பு கலந்து, பத்து நிமிடம் ஊறவிடுங்கள். தேய்க்கவும் வேண்டாம், முறுக்கிப் பிழியவும் வேண்டாம். அதே அளவு சூடுள்ள தண்ணீரில் அலசி, துவாயில் சுருட்டி அழுத்தி, தட்டையாக விரித்துக் காயவையுங்கள். கொதிநீரில் போட்டே ஆகவேண்டிய பிள்ளைத்துணி பருத்தியாக இருக்கட்டும்.

அடுத்த முறை சித்தப்பாவிடம் ‘சூப்பர்வாஷ்’ நூல் கேளுங்கள். குளோரினால் செதிலை மழுக்கி, மேலே மெல்லிய பிசின் பூசிய கம்பளி அது. அந்த முறையை உருவாக்கியதில் அவுஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வுக்குப் பெரும் பங்குண்டு.

சுருங்கிய தொப்பியை எறிந்துவிட வேண்டாம். நன்றாக இறுகிய கம்பளியைக் கத்தரித்தாலும் இழை பிரியாது. அதில் குழந்தைக்கு ஒரு சோடி மெத்தென்ற சப்பாத்து வெட்டித் தைக்கலாம். அந்த மாமியாரையும் நோக வேண்டாம். பேரப்பிள்ளைக்குச் சுத்தமான துணி வேண்டும் என்ற அக்கறையில்தான் அவர் கழுவினார். பின்னியவர் ஒருவர், கழுவுகிறவர் வேறொருவர். ஆகவே இனி எந்தக் குழந்தைக்குப் பின்னிக் கொடுத்தாலும், அது என்ன நூல், எப்படிக் கழுவ வேண்டும் என்று ஒரு சிறு துண்டில் எழுதி உடன் வையுங்கள். பல நாள் உழைத்துப் பின்னிய பரிசைக் காக்க அந்த இரண்டு வரி போதும்.