பந்தாடிப் பரிசில் தேடிய நெடுமகன்

தமிழிலக்கிய வகைகளுள் ஆற்றுப்படை என்பது ஒன்று. வள்ளலொருவன்பாற் பரிசில் பெற்று மீளும் பாணனோ, பொருநனோ, கூத்தனோ, வறுமையோடு எதிர்ப்படும் தன் இனத்தான் ஒருவனைக் கண்டு, தான் சென்று வந்த வழியை எடுத்துரைத்து, அவனையும் அவ்வழிச் செலுத்துவது அதன் இயல்பாகும். பத்துப்பாட்டினுள் ஐந்து பாட்டுக்கள் இவ்வகையைச் சார்ந்தன. அவற்றைப் பாடங்கேட்கும் நாம் ஒன்றை உற்று நோக்குதல் வேண்டும். வழிகூறுவோன் வழியின் இனிமையை மட்டும் கூறி அமைவதில்லை. கல்லும் முள்ளும் எங்கே உள, எவ்விடத்து இரவிற் செல்லலாகாது, எவ்வூரில் உணவு கிட்டும் என்பனவற்றையும் கூறுகின்றான். இடர் கூறாத ஆற்றுப்படை, கேட்டவனை நடுக்காட்டில் விட்டு நீங்குவதோடொக்கும்.

பரிசில் வாழ்க்கை பழங்காலத்தோடு ஒழிந்ததன்று. ஊதியம் பெற்று விளையாடுவோர் பலர் இன்றும் அவ்வாழ்க்கையே வாழ்கின்றனர். ஒரு குழுவினர் சில திங்களுக்கு வேண்டின் அவரோடு ஆடுவர்; அவர் விடை கொடுப்பின் அடுத்த நாட்டை நாடுவர். அவருள்ளும் கூடைப்பந்தாட்டத்து நெடியோர் நிலை தனித்து ஆராயத் தக்கது. கடலூர், சிதம்பரம், வடலூர்ப் பக்கத்து ஊர்களில் ஓர் இளைஞன் அளவுக்கு மிஞ்சி வளர்ந்துவிடின், ‘பனைபோல் வளர்ந்து பயன் என்ன?’ என்று கேட்பது வழக்கம். கேலியாக எழும் அவ்வினாவுக்கு நேரிய விடை காணவேண்டுமாயின், உயரத்தையே முதலாகக் கொண்டு உலகை வலம் வந்த ஒருவர் வாழ்வை ஆராய்தல் நன்று. அவர் பஞ்சாப் நாட்டுச் சத்னாம் சிங் பமாரா என்பவர்.

முதற்கண் அவ்வாட்டத்தின் வரலாற்றைச் சிறிது காண்பாம். 1891-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்ட் என்னும் ஊரில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தாரின் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், பனிக்காலத்தில் மாணாக்கர் கூரையின் கீழ் ஆடுதற்கென இதனை வகுத்தார். பீச்சுப் பழக்கூடைகள் இரண்டு, மேன்மாடத்தின் விளிம்பில் அறையப்பட்டன. அவ்விளிம்பு தரையினின்றும் பத்தடி உயரத்தில் இருந்தமையால், இன்றளவும் கூடையின் உயரம் பத்தடியே. அப்பள்ளியிற் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர் 1920-இல் சென்னையில் உடற்பயிற்சிக் கல்விக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். நந்தனத்தில் உள்ள வாலிபர் சங்க உடற்கல்விக் கல்லூரி அதன் வளர்ச்சியே. அங்கே பயின்ற ஆசிரியர் பலர் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குப் புதிய ஆட்டங்களைக் கொண்டுசென்றனர்.

பத்தடிக் கூடைக்கும் ஆறடி மனிதனுக்கும் இடையே உள்ள வெளியே இவ்வாட்டத்தின் நுட்பம். ஏழடி மனிதன் ஒருவன் வந்துவிடின் அவ்வெளி சுருங்குகின்றது. அவன் கூடையின் அருகே நின்று எதிரிகளின் எறிவைத் தடுப்பான். கூடையில் வீழாது எகிறிவரும் பந்தைப் பிறர் கைக்கு எட்டாமற் பற்றுவான். தன் தோழனைத் துரத்திவரும் எதிரியின் வழியிற் சுவர்போல் நின்று, தோழனுக்கு எறியும் வாய்ப்பை ஆக்கித் தருவான். இவற்றுட் பல, காண்போர் கைதட்டும் செயல்கள் அல்ல. மணவீட்டில் பந்தற்கால் எவ்வாறோ, ஆட்டத்தில் நெடியோனும் அவ்வாறே. பந்தற்காலை யாரும் புகழ்வதில்லை. அஃதில்லையேற் பந்தலும் இல்லை.

ஆயினும், உயரமே வெற்றியாகிவிடாதபடி விதிசெய்வோர் காலந்தோறும் எல்லை கட்டினர். கூடையை நோக்கித் தாழ்ந்துவரும் பந்தைக் கையால் தடுத்தலாகாது என்னும் விதி, அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் 1944-இல் வந்தது. ஜார்ஜ் மைக்கன் என்னும் நெடியவரின் ஆற்றலை அடக்குதற்பொருட்டு, கூடையின் முன்னுள்ள வரையறுத்த பகுதி 1951-இல் ஆறடி அகலத்தினின்றும் பன்னிரண்டடியாக விரிக்கப்பட்டது. வில்ட் சேம்பர்லின் என்பாரின் பொருட்டு 1964-இல் அது பதினாறடியாயிற்று. 1979-இல் அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்துக் கழகம், தொலைவிலிருந்து எறிந்து வீழ்த்தும் பந்துக்கு இரண்டுக்கு மாறாக மூன்று புள்ளி அளித்தது. அருகே நிற்கும் நெடியோனினும் தொலைவில் நின்று குறிதப்பாது எறிவோன் மதிக்கப்படும் காலத்திற்கு இவ்விதியே வித்தாயிற்று.

சத்னாம் சிங் 1995-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், பஞ்சாபில் பர்னாலா மாவட்டத்துப் பல்லோ கே என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் உழவர்; அவரும் மிக நெடியவர். மகன் அகவைக்கு மீறி வளர்தலைக் கண்டு, லூதியானா நகரத்துக் கூடைப்பந்துப் பயிற்சிக்கூடத்திற் சேர்த்தனர். பின்னாளில் அவர் எய்திய உயரம் ஏழடி இரண்டங்குலம். 2010-இல், பதினான்கு வயதில், உதவித்தொகை பெற்ற சில இந்தியச் சிறார்களோடு அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துப் பிராடன்டன் நகரில் உள்ள பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார்.

அங்கே அவரை எதிர்கொண்ட முதற் பகைவன் எதிர்க்குழுவினன் அல்லன், ஆங்கில மொழியே. தாய்மொழியன்றிப் பிறிதறியாச் சிறுவன், பகலில் ஆடுகளத்திலும் பின்னர் வகுப்பறையிலும் ஒருங்கே போராட வேண்டியதாயிற்று. அமெரிக்க வழக்கப்படி, சிறந்த ஆட்டக்காரர் பெரும்பாலும் பல்கலைக்கழகக் குழுக்களில் ஆடித் தேர்ச்சி பெற்ற பின்னரே ஊதியக் குழுக்களுக்குச் செல்வர். அப்பல்கலைக்கழக ஆட்டத்திற்கு வேண்டிய கல்வித்தகுதி இவருக்கு வாய்க்கவில்லை. ஆதலின், ஏணியின் நடுப்படியை மிதியாமலே மேற்படிக்குத் தாவ நேர்ந்தது. கிராமப் பள்ளியினின்றும் கல்லூரிக்கு வந்து, முதலாண்டில் ஆங்கில விரிவுரைகளைக் கேட்டுத் திகைத்த நம் தோழர்க்கு இவ்விடர் அயலானதன்று.

2015-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள், ஆண்டுதோறும் நிகழும் புதுமுக ஆட்டக்காரர் தேர்வில் டல்லஸ் மேவரிக்ஸ் குழுவினர் அவரை 52-ஆவதாகத் தேர்ந்தனர். இந்திய மண்ணிற் பிறந்து அத்தேர்விற் பெயர் சொல்லப்பட்டவர் அவரே முதல்வர். நாடெங்கும் மகிழ்ச்சி பரவியது. ஆனால் அத்தேர்வின் உட்பொருளை அறிந்தோர் சிலரே. முப்பது குழுக்கள் இரு சுற்றுக்களில் தலைக்கு ஒருவராகத் தேர்வன. முதற்சுற்றிற் பெயர் வந்தார்க்கு ஊதிய உறுதி உண்டு. இரண்டாஞ் சுற்றினர்க்கு அவ்வுறுதி இல்லை. 52-ஆம் இடமோ இரண்டாஞ் சுற்றின் கடைப்பகுதி. கதவு திறந்தது எனலாம். இருக்கை இடப்பட்டது எனலாகாது.

அன்றியும், அவர் சென்ற காலம் அவருக்கு இசைந்த காலமன்று. அத்தேர்வுக்கு ஒன்பது நாள் முன்னர், கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் என்னும் குழு அவ்வாண்டின் வாகை சூடியது. இறுதித் தொடரின் நான்காம் ஆட்டத்தில் அக்குழுவினர் தம் ஏழடி நெடியவரைத் தொடக்க அணியினின்றும் நீக்கி, குறுகிய விரைவானவர்களைக் கொண்டே ஆடினர். அதன்பின் ஓராட்டமும் தோற்றிலர். அதுமுதல் பிற குழுக்களும் விரைவையும் தொலைவெறிவையும் மிகுதியாக நாடின. கூடையடியில் நிற்கப் பயின்ற பேருருவினர் பலர்க்கு வேலை குறைந்தது. நெற்பயிரிடக் கற்றவன் நிலம்பெற்ற ஆண்டிலேயே ஆறு தடம் மாறியது போன்றதாயிற்று அது.

மேவரிக்ஸ் குழுவின் சார்புக்குழுவாகிய டெக்சாஸ் லெஜன்ட்ஸ் என்பதில் அவர் சேர்ந்தார். இது மேற்குழுவுக்கு ஆட்களைப் பழக்கும் நாற்றங்கால். ஆங்கும் களத்தில் இறங்கும் வாய்ப்புக்கள் குறைவாகவே கிட்டின. மேற்கழகத்தின் பருவ ஆட்டம் ஒன்றிலேனும் அவர் ஆடியதில்லை. பின்னர்த் தாயகம் திரும்பி இந்திய அணிக்காக ஆடினார். 2018-19 பருவத்தில் கனடாவின் கீழ்க்கோடியில், நியூபவுண்ட்லாந்துத் தீவிலுள்ள செயின்ட் ஜான்ஸ் எட்ஜ் குழுவில் ஆடினார். 2019 நவம்பரில் நிகழ்ந்த ஊக்கமருந்துச் சோதனையில் விலக்கப்பட்ட பொருள் காணப்பட்டமையால், இந்தியாவின் ஊக்கமருந்துத் தடுப்பு ஒழுங்குக் குழுவினர் இரண்டாண்டுத் தடை விதித்தனர். 2021-இல் ஆல் எலீட் ரெஸ்லிங் என்னும் அமெரிக்க மற்போர் நிறுவனத்தில் ஒப்பந்தமாகி, 2022 ஏப்ரல் முதல் மேடையேறினார். பந்துக்கென வளர்த்த உடலை மற்போர்க்குத் திருப்பினார் என்க.

இவரோடு ஒப்பு நோக்கத்தக்கார் இருவர் உளர். கனடாவிற் பிறந்த பஞ்சாபியரான சிம் புல்லர் ஏழடி ஐந்தங்குலம் உயர்ந்தவர். 2015 ஏப்ரலில் சாக்ரமென்டோ கிங்ஸ் குழுவினர் அவரோடு பத்து நாள் ஒப்பந்தம் செய்தனர். பத்து நாளுக்கே செல்லும் இத்தகைய ஒப்பந்தம் அக்கழகத்தில் வழக்கிலுள்ள ஒன்று. ஏப்ரல் 7-ஆம் நாள் அவர் முதன்முறை களம் புகுந்து ஆடியது பதினாறு நொடி. மொத்தம் மூன்று ஆட்டங்களோடு அவ்வாழ்வு முடிந்தது. எனினும் அவர் தைவான் சென்று பல பருவங்கள் ஆடிப் பெயர் பெற்றார். வடலூரார்க்கு வழிப்போக்கர் புதியரல்லர். 1867-இல் ஏற்றிய தருமச்சாலை அடுப்பு, வருவோர்க்கெல்லாம் சோறாக்கி வருகின்றது. அங்கே பசி ஒன்றே தகுதி. ஊதியக் குழுவிலோ பயன் ஒன்றே தகுதி. பயன் தீர்ந்த அன்றே பந்தியினின்றும் எழவேண்டும்.

மற்றவர் அம்ரித்பால் சிங். அமிர்தசரசு மாவட்டத்து உழவர் குடியிற் பிறந்து, சடுகுடு ஆடித் திரிந்து, ஏறக்குறைய பத்தொன்பதாம் வயதிலேதான் கூடைப்பந்தைக் கையிலெடுத்தவர். பிறர் பத்து வயதிற் கற்பனவற்றை அவர் நம் வயதிற் கற்கத் தொடங்கினார். 2014-இல் வுகான் நகரில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில், இந்தியா சீனாவை 65-58 என்னும் கணக்கில் வென்றபோது அவ்வணியில் அவர் இருந்தார். பின்னர் டோக்கியோவில் ஒரு குழுவிலும், 2017-18 பருவத்தில் ஆஸ்திரேலியாவின் சிட்னி கிங்ஸ் குழுவிலும் ஆடினார். ஆஸ்திரேலியத் தேசியக் கழகத்தில் ஆடிய முதல் இந்தியர் அவரே. முன்னவரளவு புகழாரவாரம் அவர்க்கு முன்னே சென்றதில்லை. ஆயினும் வேண்டப்பட்ட இடங்களில் வேண்டிய பணியைச் செய்து பெயர்ந்தார்.

இனி நம் நாட்டு நிலையை நோக்குவாம். தமிழகத்து ஆட்டக்காரர் பெரும்பாலும் இவ்வாறு அலைவதில்லை. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை போன்ற நிறுவனங்கள் கூடைப்பந்துக் குழுக்களை வைத்துள்ளன. ஆட்டத்திறனால் அங்கே வேலை பெற்றவன், கால் தளர்ந்த பின்னும் மேசையின்முன் அமர்ந்து ஓய்வூதியக் காலம் வரை ஊதியம் பெறுவான். 2015-இல் தோன்றிய ஊதியக் கூடைப்பந்துப் போட்டியொன்று, சென்னைப் பெயர் தாங்கிய குழுவையும் உடையதாயிருந்தும், சில பருவங்களோடு நின்றுபோயிற்று. ஆதலின் பெற்றோர் தம் மக்களை நிலையான வேலைக்கே செலுத்துதல் குற்றமாகாது. ஆனால் நிலையான வேலை ஒன்றே வாழ்வு, அலைந்தவன் தோற்றவன் என்று தீர்ப்புக் கூறுவது பொருந்துமா என்பதே நாம் எழுப்பும் வினா.

பொருந்தாது என்பது நம் துணிபு. பதினாறு நொடியை மட்டும் அளப்போர்க்குப் புல்லர் தோற்றவர். தைவானில் அவர் ஆடிய பருவங்களையும் அளப்போர்க்கு அவர் ஒரு தொழிலாளர், தம் தொழிலை நன்கு செய்தவர். சத்னாம் மேற்கழகத்தில் ஆடாமை உண்மை. தடை பெற்றதும் உண்மை. பல்லோ கே என்னும் ஊரினின்றும் டல்லஸ் வரை ஒரு தடம் உண்டு என்பதைத் தம் காலால் காட்டியதும் அவ்வளவே உண்மை. இம்மூன்றனுள் ஒன்றை மறைப்பினும் அவர் வரலாறு பொய்யாகிவிடும்.

அவ்வழிச் செல்ல விரும்பும் இளைஞனுக்கு அவ்வரலாறு கூறுவன யாவை? உயரம் பிறப்பிற் கிடைத்த முதல். அதனை வாணிகமாக்குவது கால்விரைவும் கைப்பழக்கமுமே. ஆட்டம் காலந்தோறும் மாறும். ஒரே தொழிலைக் கற்றவன் மாற்றத்தால் அடிபடுவான். மொழியும் கல்வியும் ஆடுகளத்துக்குப் புறம்பானவை அல்ல. அவை இன்மையால் அடைபடும் வாயில்கள் உள. உட்கொள்ளும் மருந்தையும் மாவையும் ஆராய்ந்தே உட்கொள்ளல் வேண்டும். கவனக்குறைவும் கைப்பொருளைக் கவர்ந்துவிடும். பெயர் கூப்பிடப்படும் நாள் வேறு, ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாள் வேறு. முன்னதை நம்பி ஊரார்க்கு விருந்திடல் ஆகாது.

இவையெல்லாம் கல்லும் முள்ளும் ஆகிய செய்திகள். எனினும் வழி உண்டு என்பதும் செய்தியே. ஆகவே, நம் பக்கத்து ஊரில் ஒரு நெடுமகன் கதவுநிலையில் தலைகுனிந்து நுழையக் காண்பின், பயன் என்ன என்று வினவி நகையாது, இவ்வரலாற்றை இன்பமும் இடரும் ஒருங்கே தோன்ற அவனுக்கு எடுத்துக் கூறுவோமாக. செல்வதும் செல்லாமையும் அவன் தேர்வு; வழியை மறையாது கூறுதல் கற்றார் கடன்.