எந்தப் படி?

கட்கிக் கடைத்தெருவில் நகை வாங்கச் செல்லும் தமிழ்த் தாய் ஒருவர் பவுன் கணக்கில் நினைப்பார்; கடைக்காரரோ தோளாக் கணக்கில் விலை கூறுவார். பவுன் என்பது 8 கிராம். புனே நகைக்கடைகளில் இன்று தோளா என வழங்குவது 10 கிராம். பழைய தோளாவின் எடையோ ஏறத்தாழ 11.66 கிராம். பாட்டி காலத்துச் சீட்டு ஒன்றில் ‘5 தோளா’ என்று எழுதியிருந்தால், அதனை 50 கிராம் எனக் கொள்வதா, 58 கிராம் எனக் கொள்வதா? எண் தெளிவாக இருக்கிறது. அலகின் பெயரும் இருக்கிறது. எந்தத் தோளா என்பதுதான் எழுதப்படவில்லை.

இச்சிக்கல் பழமையானது. தமிழகத்தில் நெல்லும் அரிசியும் முகத்தல் அளவையால் அளக்கப்பட்டன. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. எட்டுப் படி ஒரு மரக்கால். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். வாய்பாட்டை மனப்பாடம் செய்வது எளிது. ஆனால் படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் வேறுபட்டது. பட்டணம் படி, சின்னப் படி என்று மக்கள் அடைமொழி சேர்த்துச் சொன்னது அதனால்தான். மராட்டிய மக்களின் சேர், பாயலி ஆகியனவும் இத்தகையனவே.

இதற்குச் சோழர் காலத்துக் கணக்கர்கள் கண்ட வழி வியப்பூட்டுவது. முதலாம் இராசராசன் 1010ஆம் ஆண்டில் கட்டிமுடித்த தஞ்சைப் பெருவுடையார் கோவிலின் கல்வெட்டுகளைப் பாருங்கள். ஊர்கள் கோவிலுக்கு அளக்கவேண்டிய நெல்லை இத்தனை கலம் என்று கூறுவதோடு அவை நின்றுவிடவில்லை. ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலால் அளக்கவேண்டும் என்றும், அம்மரக்கால் ‘இராசகேசரி’ என்னும் அளவுக்கு ஒப்பானது என்றும் குறிக்கின்றன. பொன்னை நிறுக்கும் கல்லுக்கும் ஆடவல்லான் என்றே பெயர். மணிகளை நிறுக்கும் கல்லுக்குத் தட்சிணமேரு விடங்கன் என்று பெயர். எண், அலகு, அவ்வலகின் பெயர், மற்றோர் அலகோடு அதற்குள்ள உறவு ஆகியவற்றைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். அரசன் பெருமையைப் பாடும் வரிகளைவிட இவ்வரிகளே எனக்கு மிகவும் பிடித்தமானவை.

விடுதலைக்குப் பின் நாடு முழுவதற்கும் ஒரே அளவை வேண்டும் என்று 1956இல் எடை, அளவைச் சட்டம் இயற்றப்பட்டது. 1958 அக்டோபர் முதல் கிலோகிராம் எடைகள் படிப்படியாகப் புகுத்தப்பட்டன. 1962 ஏப்ரல் முதல் பிற எடைமுறைகள் விலக்கப்பட்டன. நாணயம் இதற்கு முன்பே மாறிவிட்டது. 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய் 100 நயா பைசாவாகப் பகுக்கப்பட்டது. அதுவரை ரூபாய்க்கு 16 அணா. வகுத்துப் பார்த்தால் ஓர் அணாவுக்கு ஆறேகால் பைசா வரும். கால் பைசாவுக்கு நாணயம் இல்லை. எனவே ஓரணா 6 பைசா எனக் கொள்ளப்பட்டது. நாலணாவோ சரியாக 25 பைசா. ஓரணாப் பொருளை நான்கு முறை தனித்தனியே வாங்கினால் 24 பைசா. நான்கையும் ஒருசேர வாங்கினால் 25. முறை மாறும்போது இத்தகைய சிறு பிசிறுகள் தோன்றியே தீரும்.

எல்லாப் பிசிறும் ஒரு பைசாவோடு முடிவதில்லை. கனடா நாடு மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில், 1983 சூலை 23 அன்று, ஏர் கனடா நிறுவனத்தின் போயிங் 767 விமானம் ஒன்றுக்கு 22,300 கிலோ எரிபொருள் தேவைப்பட்டது. அளவுகாட்டி பழுதுற்றிருந்தமையால் தொட்டியில் இருந்ததை அளவுகோல் கொண்டு லிட்டரில் அளந்தனர். லிட்டரை எடையாக மாற்ற 1.77 என்னும் எண்ணால் பெருக்கினர். அது லிட்டருக்கு எத்தனை பவுண்டு என்பதைக் குறிக்கும் பழைய எண். கிலோவுக்குரிய எண் ஏறத்தாழ 0.8. பெருக்கலில் பிழையில்லை, விடையின் பக்கத்தில் எழுதிய ‘கிலோ’ என்னும் சொல்லே பிழை. 22,300 பவுண்டு, அதாவது தேவையில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு விமானம் பறந்தது. நடுவானில் இரு பொறிகளும் நின்றன. விமானி அதனை மிதவைபோல் செலுத்தி, கிம்லி என்னும் ஊரில் கைவிடப்பட்ட விமானதளத்தில் இறக்கினார். அதிலிருந்த 69 பேரும் உயிர்பிழைத்தனர்.

இன்று கடைகள்தோறும் பேரேட்டுக் கணக்கு கணினிக்கு மாறிவருகிறது. ஒரு மளிகைக் கடையின் பழைய ஏட்டில் ‘கடலை எண்ணெய் 20’ என்று இருப்பதாகக் கொள்வோம். இருபது டின் என்பது பழைய கணக்கருக்குத் தெரியும். 15 கிலோ டின்னா, 15 லிட்டர் டின்னா என்பதும் தெரியும். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம்தான். ஆகவே 15 லிட்டர் டின்னில் 13.65 கிலோவே இருக்கும். இருபது டின்னுக்கு வேறுபாடு 27 கிலோ. கணக்கர் மனத்தில் இருந்ததைக் கணினி அறியாது. இருப்பே குறைந்துவிட்டதாகக் காட்டும். யாரேனும் திருடினாரோ என்ற ஐயமும் எழும்.

எனவே மாற்றத்திற்கு முன்னரே ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அடிப்படை அலகைத் தேர்ந்து, பிற அலகுகளுக்கு அதனோடுள்ள மாற்று விகிதத்தை எழுதவேண்டும். கையிருப்பை ஏட்டிலிருந்து பெயர்க்காமல், மீண்டும் எண்ணியும் நிறுத்தும் பதியவேண்டும். பதிவுகள் ஏறிய பின் அடிப்படை அலகை மாற்றப் பல மென்பொருள்கள் இடம் தருவதில்லை. தொழிற்சாலைக் கிடங்குகளிலும் இதே நிலைதான்: திருகாணிகள் எடையாக வாங்கப்பட்டு எண்ணிக்கையாக வழங்கப்படலாம்.

2017இல் வந்த சரக்கு, சேவை வரியின் படிவங்களில் அலகுகளுக்கு வரையறுத்த குறியீடுகள் உள்ளன. கிலோ, மீட்டர் ஆகியவற்றோடு பையும் பெட்டியும் அப்பட்டியலில் இடம்பெறுகின்றன. ஆனால் பை 25 கிலோவா, 50 கிலோவா என்பதை அக்குறியீடு கூறாது. அதனைக் கடைக்காரர்தாம் எழுதி வைக்கவேண்டும்.

சொற்பொருள்
முகத்தல் – கலத்தால் மொண்டு அளத்தல்
பேரேடு – வணிகக் கணக்குப் புத்தகம்
பிசிறு – சிறு வேறுபாடு

பயிற்சி
1. ஒரு கலத்தில் எத்தனை உழக்கு என்று கணக்கிட்டு எழுதுக.
2. விமானத்தின் எரிபொருள் கணக்கில் எச்சொல் பிழையானது? ஏன்?
3. உங்கள் வீட்டில் ஆழாக்கு என்று வழங்கும் பாத்திரத்தில் அரிசியை நிரப்பி எடை பாருங்கள். வகுப்புத் தோழர் இருவர் வீட்டு ஆழாக்கோடு ஒப்பிட்டு ஐந்து வரிகளில் எழுதுக.