பெட்டியை இறக்கி வைக்கும் முன்

தாமல் வீட்டின் முன்னறையைப் பார்லராக்கப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். நல்லது கண்ணு. மேக்கப் பெட்டியை ஸ்கூட்டியின் முன்னால் இடுக்கிக்கொண்டு, பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே பாலுசெட்டிச் சத்திரத்துக்கும் காஞ்சிபுரத்துக்கும் போய்வந்தது போதும் என்று உனக்குத் தோன்றியதில் வியப்பில்லை. நானும் பெட்டியோடு அலைந்தவள்தான், பிறகு வீட்டில் நாற்காலி போட்டவள்தான். இரண்டிலும் பட்டதைச் சொல்கிறேன். ஃபேஷியலும் த்ரெட்டிங்கும் உன் கைக்கு வந்துவிட்டன. அவற்றைப் பற்றி இங்கே பேச்சில்லை.

1. அலுப்பில் முடிவெடுக்காதே. முதுகுவலியோடு திரும்பிய இரவில் எல்லா மாற்றமும் நல்லதாகத்தான் தெரியும். ஒரு நோட்டில் உன் வாடிக்கையாளர்களின் பெயரை எழுதி, ஒவ்வொருவரும் உன்னை ஏன் வீட்டுக்குக் கூப்பிட்டார்கள் என்று பக்கத்தில் குறித்துக்கொள். பிள்ளை பெற்றுப் படுத்திருப்பவள், படி இறங்க முடியாத பாட்டி, தறியை விட்டு எழுந்தால் அன்றைய கூலி போகும் என்கிறவள், அந்நியர் வந்துபோகும் இடத்தில் முக்காட்டை எடுக்க விரும்பாதவள். இவர்கள் உன் அறைக்கு வரமாட்டார்கள். இவர்களுக்கு வாரத்தில் ஒரு பகலாவது ஒதுக்கு; வளர்ந்துவிட்டோம் என்று கைவிட்டால் அது நன்றிகெட்ட வேலை. மற்றவர்கள் வருவார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. உன் தெருவுக்குப் பக்கத்தில் நிற்கும் வண்டி எது, எத்தனை மணிக்கு என்று தெரிந்து வைத்துக்கொண்டு போனிலேயே சொல். பாதிப் பேருடைய தயக்கம் அதிலேயே தீரும்.

2. வீட்டில் வைத்தால் பாதுகாப்பு என்று மட்டும் எண்ணிவிடாதே. 2019இல் அத்திவரதர் எழுந்தருளிய 48 நாளும் காஞ்சிபுரத் தெருக்களில் வண்டி நுழைய இடமில்லை. பெட்டியோடு போகிறவர்கள் எல்லாரும் முடங்கிப்போனார்கள். அடுத்த ஆண்டு மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பெட்டியும் நின்றது, வீட்டு நாற்காலியும் காலியாகக் கிடந்தது. கையில் கொஞ்சம் சேமிப்பு இருந்தவர்கள் மட்டும் திரும்பி எழுந்தார்கள். இடம் மாறினால் கஷ்டம் மாறாது. கஷ்டத்தின் வாசல் மாறும், அவ்வளவுதான்.

3. முதலில் வீட்டாரின் சம்மதத்தை வாங்கு, நாற்காலியைப் பிறகு வாங்கலாம். காஞ்சியைச் சுற்றி வளர்ந்த நமக்கு வீட்டுக்குள் தொழில் நடப்பது புதிதில்லை. நெசவாளி வீட்டில் தறிக்கென்று ஓர் இடம் உண்டு. அங்கே சோறு வைக்கமாட்டார்கள், குழந்தை ஓடாது, தறிக்குழிக்குள் சாமான் போட்டு வைக்கமாட்டார்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் அந்த எல்லை தெரியும். உன் அறைக்கும் அப்படி ஒரு மரியாதை வேண்டும். கதவு சாத்தியிருந்தால் கொழுந்தன் தட்டக்கூடாது. மாமியார் ஹாலில் படுத்திருக்கும் நேரத்தில் ஆறு பேர் செருப்பை விட்டுவிட்டு நுழைந்தால் அவருக்குக் கோபம் வரத்தான் செய்யும், அவர்மேல் தப்பில்லை. முடிந்தால் தெருப்பக்கம் தனி வாசல் வை. வருகிறவர்கள் கழிப்பறை கேட்பார்கள், அதையும் இப்போதே யோசி. மாமியாரிடம் கேட்காமல் போர்டு மாட்டிய ஒரு பெண்ணைத் தெரியும், நல்ல கைக்காரி. ஆறு மாதம்கூட அந்தப் போர்டு தாங்கவில்லை.

4. பணத்தைச் சுவரில் பூசாதே. அழகுக்கலையில் பெயர்பெற்ற ஷாநாஸ் ஹுசைன் 1970களின் தொடக்கத்தில் டெல்லியில் தன் வீட்டு வராந்தாவில்தான் தொழிலைத் தொடங்கினார். அப்பாவிடம் வாங்கிய கடன்தான் முதல். பிற்பாடு உலகமெல்லாம் பெயர் பரவி, 2006இல் பத்மஸ்ரீயும் வந்தது. நம் எல்லாருக்கும் அப்படி நடந்துவிடும் என்று நான் சொல்லவரவில்லை. வராந்தா போதும் என்கிறேன். நல்ல வெளிச்சம், தண்ணீர் வசதி, கழுவினால் காயும் தரை, ஒரு பெரிய கண்ணாடி, இன்வெர்ட்டர். முதல் ஆண்டுக்கு இது தாராளம். வெட்டிய முடியை மட்டும் சாக்கடையில் விடாதே. அடைத்துக்கொண்டால் முதல் சண்டை அண்டை வீட்டோடுதான்.

5. சுத்தத்தில் சோம்பல் கூடாது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள். அவர்கள் வீட்டுக்கு நீ போனபோது துண்டு அவர்களுடையது, பக்கெட் அவர்களுடையது. இனி எல்லாம் உன்னுடையது. ஒருவர் முகம் துடைத்தது இன்னொருவர் முகத்துக்குப் போகும் வழி இப்போது திறந்துவிட்டது. ஆளுக்கொரு துண்டு, ஆளுக்கொரு புது பிளேடு. ஒரே பிளேடு இருவருக்குப் பட்டால் மஞ்சள் காமாலைக் கிருமிகளில் பி, சி என்ற இரண்டும் ரத்தத்தின் வழியே தொற்றக்கூடும். வேக்ஸில் ஒருமுறை தோலைத் தொட்ட குச்சியை மறுபடி டப்பாவில் முக்காதே. த்ரெட்டிங் நூலைப் பல்லில் கடித்துப் பிடிக்கும் பழக்கம் நமக்கெல்லாம் உண்டு. கழுத்தில் மாட்டிச் செய்யப் பழகு. முதல் சில வாரம் கை திணறும், பிறகு சரியாகிவிடும்.

தலைச்சாயத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். கறுப்புச் சாயங்கள் பலவற்றிலும், சீக்கிரம் நிறம் பிடிக்கும் என்று விற்கும் கறுப்பு மெஹந்தியிலும் பி.பி.டி. என்ற ரசாயனம் இருக்கிறது. சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. காதுக்குப் பின்னால் ஒரு பொட்டுத் தடவி 48 மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் தலையில் வைக்கவேண்டும். "நாளைக்குக் காலையில முகூர்த்தம், இப்பவே போட்டு விடும்மா" என்று கெஞ்சுவார்கள். ஒரு மணப்பெண்ணின் தாயார் அப்படிப் போட்டுக்கொண்டு, கண் திறக்க முடியாமல் முகம் வீங்கி, மகளின் தாலிகட்டைப் பார்க்காமல் ஆஸ்பத்திரியில் படுத்திருந்ததை நான் அறிவேன். முடியாது என்று சொல்லிவிடு. கோபித்துக்கொண்டு போனால் போகட்டும்.

6. நிறத்தை விற்காதே. "கறுத்துப் போயிட்டியே" என்று சொன்னால் ஒரு பிளீச் கூடுதலாக விற்கும், உண்மைதான். ஆனால் உன் நாற்காலியில் உட்கார்ந்த பெண் வந்ததைவிடச் சிறுத்துப்போய் எழுந்துபோவாள். ஃபேர் அண்ட் லவ்லியே 2020இல் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. நமக்கு எதற்கு அந்த வியாபாரம்? லேபிள் இல்லாத வெள்ளை க்ரீம் டப்பாக்களை யாராவது கொண்டுவந்து லாபம் காட்டுவார்கள். 2023இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டதை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். அதற்குக் காரணம் பாதரசம். வாங்கி வைக்கவே வைக்காதே.

7. வாயைக் கட்டு. இது ஒன்றைக் காப்பாற்றினால் மற்றதில் கொஞ்சம் முன்பின் ஆனாலும் ஊர் உன்னைப் பொறுத்துக்கொள்ளும். தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியதும் பெண்களுக்கு மனசு திறந்துவிடும். கணவன், கடன், நாத்தனார், கலைந்த கரு என்று சொந்தத் தங்கையிடம் சொல்லாததையெல்லாம் உன்னிடம் சொல்வார்கள். பெட்டியோடு போனபோது கேட்டதை அந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தாய். இப்போது அவளும் அவளுடைய ஓரகத்தியும் ஒரே பெஞ்சில் காத்திருப்பார்கள். தாமல் மாதிரி ஊரில் ஒரு வார்த்தை ஏரிக்கரையைச் சுற்றி வருவதற்குள் பத்து வார்த்தையாகிவிடும்.

இன்னொன்றும் நடக்கும். பெண் பார்க்க வந்த வீட்டுக்காரர்கள், புருவம் எடுக்க வந்தவர்கள்போல் உட்கார்ந்து, "அந்தத் தெருப் பொண்ணு உங்ககிட்டத்தானே வரும், எப்படி?" என்று மெல்லக் கேட்பார்கள். "வரும், போகும், வேறு ஒண்ணும் தெரியாது" என்று சொல். நல்ல விதமாகக்கூடச் சொல்லவேண்டாம். இன்று ஒருத்தியைப் புகழ்ந்துவிட்டு நாளை இன்னொருத்தியைப் பற்றிப் பேசாமல் இருந்தால், அந்த மௌனத்துக்கே ஓர் அர்த்தம் கற்பித்துவிடுவார்கள்.

8. விலையைச் சுவரில் எழுதி வை. "வீட்டுலதானே பண்றே, வாடகையா கொடுக்கறே?" என்று கேட்பார்கள். அறை உன்னுடையது, கரண்டு உன்னுடையது, உழைப்பு உன்னுடையது, குறைக்காதே. சொந்தக்காரர்கள் விஷயத்தில் நான் கெட்டிருக்கிறேன். சித்திக்கு இலவசம், சித்தி மகளுக்குப் பாதி என்று போய், முகூர்த்த மாதத்தில் எனக்கு மிஞ்சியது காலி டப்பாதான். உறவுக்குச் செய்யவேண்டுமானால் கல்யாணத்துக்கு மொய்யாக எழுது, கணக்கு நோட்டில் கலக்காதே. சட்டம் சம்பந்தப்பட்டதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவுக்குக் காசு கிடையாது. காசு கேட்கும் ஏஜெண்டை நம்பாதே. முத்ரா கடனில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் கேட்கலாம். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. உன்னைத் தொடாது. பஞ்சாயத்திலும் மின்வாரியத்திலும் முன்னாலேயே கேட்டுவிடு. வீட்டு இணைப்பில் கிடைக்கும் 100 யூனிட் இலவசம் குடியிருப்புக்கானது.

9. வாடிக்கையாளர் நோட்டு உன் கையில் இருக்கட்டும். பெருநகரங்களில் இப்போது செயலி நிறுவனங்கள் பெண்களைப் பெட்டியோடு வீடுவீடாக அனுப்புகின்றன. 2021 அக்டோபரில் குருகிராமில் அப்படி ஒரு நிறுவனமான அர்பன் கம்பெனியின் அலுவலகத்துக்கு முன்னால் அழகுக்கலைப் பெண்கள் கூடிப் போராடினார்கள். கமிஷன் அதிகம் என்பது அவர்கள் குறை. அங்கே வாடிக்கையாளர் நிறுவனத்துக்குச் சொந்தம். உனக்கு அந்தக் கவலை இல்லை. பெயரும் நம்பரும், யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பும் உன்னிடமே இருக்கும். ஆனால் வீட்டு முகவரியை இன்ஸ்டாகிராமில் போட்டுவிடாதே. போனில் பேசி, யார் மூலம் வருகிறார்கள் என்று கேட்டபிறகு வழி சொல். பெண்களுக்கு மட்டும் என்று வாசலிலேயே எழுதி வை.

10. நேரத்துக்கு வேலி போடு. வீட்டில் இருக்கிறவளுக்கு ஓய்வே கிடையாது என்று ஊர் நினைக்கும். இரவு ஒன்பதுக்குக் கதவைத் தட்டி, "ஐப்ரோ மட்டும்தான்" என்பார்கள். ஒருமுறை திறந்தால் தினமும் திறக்கவேண்டும். விடியற்கால முகூர்த்தத்துக்கு இரண்டு மணிக்கே மணப்பெண்ணுக்கு அலங்காரம் தொடங்கவேண்டியிருக்கும். அந்த வேலையை விடாதே, வரும்படி அதில்தான்; ஆனால் மறுநாள் பகலில் போர்டைத் திருப்பி வைத்துவிட்டுத் தூங்கு.

11. பட்டு ஊரில் இருப்பதை மறக்காதே. கல்யாணப் புடவையை முன்கூட்டியே மடிப்பு வைத்து, அயர்ன் செய்து, பெட்டி மடிப்பாகக் கொடுக்கும் வேலைக்கு இப்போது நல்ல கிராக்கி. அதற்கு நீ எங்கேயும் போகவேண்டாம், புடவை உன்னிடம் வரும். ஜரிகைமேல் நேராகச் சூட்டை வைக்காமல் பருத்தித் துணி போட்டுத் தேய். அந்தப் புடவைக்காக ஒரு குடும்பம் தறியில் பல நாள் உட்கார்ந்திருக்கிறது.

12. பெட்டியைப் பரணில் போடாதே. மணப்பெண் உன் அறைக்கு வரமாட்டாள், நீதான் மண்டபத்துக்குப் போகவேண்டும். ஆடியில் கல்யாணம் இல்லை. சுண்ணாம்பு அடிக்க, குழாய் போட, மாமியாரிடம் பேச அதுதான் சமயம். ஆவணி முகூர்த்தத்துக்கு முன் அறை தயாராகிவிடட்டும். துண்டுகளை மொத்தமாக வாங்குவதற்கு முன் எனக்கு ஒரு போன் செய். காலையில் பத்து மணிக்குள் என்றால் எடுப்பேன்.