முற்றத்தில் எடுக்க ஒரு பாட்டு

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. உங்கள் கல்லூரித் துறையில் பாட்டு வீடியோ ஒன்று எடுத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றும், அதை நீ ஆற்று ரயில் பாலத்தில் எடுக்கப் போகிறாய் என்றும் உன் அப்பா நேற்று போனில் சொன்னான். அவன் பெருமையாகத்தான் சொன்னான். கேட்ட பெரியப்பாவுக்குத்தான் அதற்குப் பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை. ஈரோட்டில் தண்டவாளத்தில் நம் குடும்பத்துக்கு நேர்ந்ததை இங்கே எழுத வேண்டாம். சித்தி இன்றைக்கும் அந்த வழியாகப் போகும் வண்டியில் ஏறுவதில்லை என்பது உனக்கே தெரியும்.

பாலத்துக்குப் பதிலாக ஆச்சி வீட்டு முற்றத்தில் எடுக்கலாமே என்பது பெரியப்பாவின் யோசனை. பாலமா, முற்றமா என்பது உன் முடிவு. அதில் யாரும் குறுக்கே வரப்போவதில்லை. இரண்டு பக்கத்தையும் எடுத்துச் சொல்வது மட்டும்தான் இந்தக் கடிதத்தின் வேலை.

பாலத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. தண்டவாளம் கேமராவுக்குப் பிடித்த விஷயம். இரண்டு கோடு தூரத்தில் போய் ஒன்றாகச் சேர்வதைப் பார்த்தாலே சட்டகத்துக்குள் ஓர் ஆழம் வந்துவிடும். 1998-இல் வந்த ‘உயிரே’ படத்தில் ஓடும் ரயிலின் கூரைமேல் ஆடும் பாட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அந்த ரயில் எது என்று நினைத்துப் பார். நீலகிரி மலை ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர் ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்ளும் வண்டி. மணிரத்னத்தின் படக்குழு, சந்தோஷ் சிவனின் கேமரா, ஃபரா கானின் நடன அமைப்பு என்று ஒரு படையே பின்னால் நின்றது. உங்கள் பாலத்தில் வருவது மலை ரயில் அல்ல. 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் எக்ஸ்பிரஸ் ஒரு வினாடிக்கு முப்பது மீட்டர் தாண்டும். 300 மீட்டருக்கு அப்பால் கண்ணில் பட்டால், பத்தே வினாடியில் காலடிக்கு வந்து நிற்கும்.

அந்தப் பத்து வினாடியில் உங்கள் கூட்டம் என்ன செய்துகொண்டிருக்கும்? பாடுகிற உன் தோழி கேமராவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கேமராக்காரன் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஸ்பீக்கரில் பாட்டு முழுச் சத்தத்தில் ஓடும். இப்போது மின்சார எஞ்சின்கள். பழைய டீசல் எஞ்சின் மாதிரி தொலைவிலேயே உறுமிக்கொண்டு வருவதில்லை. ஓட்டுநர் பிரேக் போட்டாலும் வண்டி நிற்க ஒரு கிலோமீட்டர் ஆகிவிடும். பாலத்தின் நடுவில் ஒதுங்க இடமும் இருக்காது. தலைக்கு மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட். நின்றிருக்கும் கூட்ஸ் வண்டிமேல் ஏறுகிற பையன்கள் அதைத் தொடாமலே கருகியிருக்கிறார்கள். ரயில்வே சட்டம் 147-ஆவது பிரிவின்படி அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். சட்டத்தைச் சொல்லி உன்னைப் பயமுறுத்த நினைக்கவில்லை. பயம் இருப்பது பெரியப்பாவுக்கு.

இனி முற்றத்தின் பக்கம்.

ஒரே இடத்தில் எடுத்து உலகமே பார்த்த பாட்டுகள் எத்தனையோ இருக்கின்றன. 1965-இல் லண்டனில் சவாய் ஹோட்டலுக்குப் பக்கத்துச் சந்தில் பாப் டிலன் நின்றார். கையில் ஓர் அடுக்கு அட்டைகள். பாட்டு ஓட ஓட, அதன் சொற்கள் எழுதிய அட்டையை ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டுக் கீழே போட்டார். வாயைக்கூட அசைக்கவில்லை. பின்னால் கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க் யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறார். படமெடுத்த பென்னிபேக்கரின் கேமரா அசையவில்லை, நடுவில் ஒரு வெட்டும் இல்லை. அறுபது ஆண்டாக அதைப் பார்த்து எடுக்காத நாடு இல்லை.

ஓகே கோ என்ற அமெரிக்கக் குழு 2006-இல் எட்டு டிரெட்மில்களை ஓர் அறையில் வரிசையாகப் போட்டு அதன்மேல் ஆடியது. நடனம் அமைத்தவர் பாடகரின் அக்கா த்ரிஷ் சீ. ஒரே ஷாட், பதினேழு முறை எடுத்தார்கள். அடுத்த ஆண்டு அதற்குக் கிராமி விருது கிடைத்தது. நம் ஊரில் 2011 நவம்பரில் வந்த ‘கொலவெறி’யை நினைத்துப் பார். தனுஷ் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக் முன்னால் பாடுகிறார், அனிருத் பக்கத்தில் இருக்கிறார், ஒலிப்பதிவுக் கூடத்தை விட்டுக் கேமரா பெரிதாக எங்கும் போவதில்லை. அதற்கு எந்தப் பாலம் வேண்டியிருந்தது?

ஷினேட் ஓ’கானர் 1990-இல் பாடிய பாட்டு ஒன்று இருக்கிறது, பிரின்ஸ் எழுதியது. கறுப்புப் பின்னணியில் மொட்டைத் தலையோடு ஒரு பெண்ணின் முகம், திரை நிறைய. பாரிஸ் பூங்கா ஒன்றில் அவர் நடப்பதையும் எடுத்தார்கள். அதில் கொஞ்சம்தான் படத்தில் நின்றது. பாட்டின் கடைசிப் பகுதியில் அம்மாவைப் பற்றிய வரி வரும்போது அவர் கண்ணிலிருந்து நீர் இறங்குகிறது. இறந்துபோன தம் அம்மாவை நினைத்ததால் வந்த கண்ணீர் அது என்று பின்னாளில் அவரே சொன்னார். இயக்குநர் ஜான் மேபரி அந்த இடத்தில் வெட்டாமல் விட்டார். எடிட்டிங் என்றால் பெரியப்பாவுக்கு இதுதான். கத்தரியை எங்கே வைக்கக் கூடாது என்று தெரிந்திருப்பது.

இந்த இடத்தில் ஒரு கேசட் கதையைச் சொல்லாமல் போக முடியவில்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். உனக்கு அரைகுறையாகச் சொல்லியிருப்பார்கள். வில்லுப்பாட்டுப் பாடும் ஓர் அம்மாவை வைத்து எடுத்த பக்திப் பாட்டு வீடியோ. கோயில் வாசலில் வேப்பமரத்து நிழல். அந்த அம்மா கண்ணை மூடிப் பாடத் தொடங்கினால் புருவம் இரண்டும் மெல்ல ஏறும். உச்சத்துக்குப் போகுமுன் ஒரு மூச்சு இழுப்பார், மூக்குத்தி ஒரு முறை மின்னும். அந்த மூச்சை விட்டுவிடக் கூடாது என்று பெரியப்பா பார்த்துப் பார்த்து வெட்டிக் கொடுத்துவிட்டு வந்தால், கேசட்டை வெளியிட்ட ஆள் சொல்லாமல் கொள்ளாமல் அதைத் திறந்து, பாட்டுக்கு நடுவே அருவியைப் போட்டார், ரோஜாப்பூவைப் போட்டார், எங்கிருந்தோ வாங்கிய பனிமலையைப் போட்டார். மாரியம்மன் பாட்டுக்குப் பனிமலை! ‘ஒரே மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு இருந்தா ஜனங்களுக்குச் சலிச்சிடும்’ என்றாராம். ஆச்சி வீட்டு வி.சி.ஆரில் போட்டுப் பார்த்தோம். அந்த மூச்சு வரும் இடத்தில் அருவி கொட்டியது. தாத்தா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அந்த அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் முகம் ஓடும் படமாக இருப்பது அந்த ஒரு கேசட்டில்தான். அதிலும் முழுசாக இல்லை.

ஆகவே தாளத்துக்குத் தாளம் வெட்டுகிற பழக்கத்தைப் பார்த்தால் பெரியப்பாவுக்குக் கோபம் வருவதில் ஆச்சரியமில்லை. ஒவ்வோர் அடிக்கும் ஒரு ஷாட் மாறினால், அடுத்த வெட்டு எப்போது வரும் என்று நாலாவது அடியிலேயே கண் கண்டுபிடித்துவிடும். அதற்கப்புறம் அது பார்ப்பதில்லை, எண்ணிக்கொண்டிருக்கிறது. பாட்டின் வரி முடியும் இடத்தில், மூச்சு முடியும் இடத்தில், தலை திரும்பும் இடத்தில் வெட்டு. பாடுகிறவளிடம் சொல்ல ஏதாவது மிச்சம் இருக்கிற வரை அவள் முகத்தை விட்டுப் போகாதே.

பாலத்தில் எடுத்தால் முகம் கிடைக்காது. பாலம்தான் கிடைக்கும். உன் தோழி அதில் ஒரு புள்ளி.

இடமே பாட்டின் பொருளாக இருக்கும்போது கதை வேறு. டி.எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னை புறம்போக்கு பாடல்’ 2017-இல் வந்தது; ரதீந்திரன் பிரசாத் இயக்கினார். எண்ணூர்க் கழிமுகத்தின் சேற்றிலும் சாம்பலிலும் நின்று பாடியதற்குக் காரணம், பாட்டே அந்தக் கழிமுகத்துக்காக எழுதப்பட்டது. அதே இயக்குநர் 2015-இல் சோஃபியா அஷ்ரஃபை வைத்து எடுத்தது கொடைக்கானல் பாதரச வெப்பமானித் தொழிற்சாலை பற்றிய ராப் பாட்டு. 2016-இல் அந்தத் தொழிற்சாலையின் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. அவர்களின் போராட்டம் பல ஆண்டுகளாக நடந்ததுதான். பாட்டு அதை ஊரறியச் செய்தது. உன் தோழி எழுதிய பாட்டு, உன் அப்பா சொன்னதை வைத்துப் பார்த்தால், வீட்டை விட்டு விடுதிக்கு வந்த பெண்ணின் பாட்டு. அதற்கு ரயில் பாலம் எதற்கு? வீடுதானே வேண்டும்?

வேலைக்கு வருவோம். முதலில் பாட்டை முடித்துவிடுங்கள். ‘பிறகு குரலை மாற்றிக்கொள்ளலாம்’ என்று படப்பிடிப்புக்குப் போகாதீர்கள். கலவை முடிந்த கடைசிப் பிரதிதான் அன்றைக்கு ஸ்பீக்கரில் ஓட வேண்டும். சினிமாவில் நாக்ரா ஒலிப்பதிவுக் கருவியில் டேப் ஓட்டியதும் இதே முறைதான். பாட்டு தொடங்குமுன் மூன்று பீப் ஒலி சேர்த்துவை. படம் எடுக்கும் போனின் மைக்கை அணைக்காதே; அந்தச் சத்தம் பார்வையாளருக்கு இல்லை, எடிட்டிங் மேசையில் பாட்டையும் படத்தையும் பொருத்த உனக்கு.

தோழியை உண்மையாகவே வாய்விட்டுப் பாடச் சொல். உதட்டை மட்டும் அசைத்தால் கழுத்து நரம்பு காட்டிக்கொடுத்துவிடும். முழுப் பாட்டையும் ஒரு முறை தூரத்திலிருந்து, ஒரு முறை இடுப்பளவுக்கு, ஒரு முறை முகத்துக்கு. ஒவ்வொன்றும் நிறுத்தாமல். ஃபிலிம் காலத்தில் 400 அடி மேகசின் நாலரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். கிட்டத்தட்ட ஒரு பாட்டின் நீளம். அதனால் ஒத்திகை பார்க்காமல் யாரும் கேமராவை ஓட்டமாட்டார்கள். உங்களிடம் மெமரி கார்டு இருக்கிறது என்பதற்காக ஒத்திகையை விட்டுவிடாதீர்கள்.

போனை வினாடிக்கு 25 ஃபிரேமில் வை, ஷட்டர் ஐம்பதில் ஒரு பங்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். முப்பதில் வைத்தால் டியூப்லைட்டும் எல்.இ.டி.யும் படத்தில் பட்டை பட்டையாக ஓடலாம். பல போன்கள் ஃபிரேம் வேகத்தைத் தாமாகவே ஏற்றி இறக்கும். பாட்டு பாதி போகும்போது உதடு தள்ளிப் போவது அதனால்தான். வேகத்தை நிலையாக வைக்கும் செயலி இருந்தால் அதில் எடு. திரையில் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடு.

முற்றத்தில் உச்சி வெயிலில் எடுக்காதே. கண்ணுக்குக் கீழே குழி விழும். காலை ஒன்பது மணிக்குள் தாழ்வாரத்தின் விளிம்பில், நிழலுக்குள் ஓர் அடி தள்ளி நிறுத்து. முற்றத்து வெளிச்சம் முகத்தில் மெத்தென்று விழும். வெயில் ஏறிவிட்டால் தாத்தாவின் எட்டு முழ வேட்டியை மேலே குறுக்காகக் கட்டிக்கொள்ளலாம். கடையில் விற்கிற எந்த வெள்ளைத் துணியும் அதைவிட நன்றாக வேலை செய்யாது.

எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே போதும். இடுப்பளவு ஷாட்டை முழுசாகக் கீழ்த்தடத்தில் போட்டு, மற்ற இரண்டையும் அதற்கு மேல் அடுக்கி, மூன்றையும் பாட்டோடு பொருத்திவிடு. சரியாகப் பொருந்தியதா என்று பார்க்க, ‘ப’வும் ‘ம’வும் வரும் இடங்களுக்குப் போ. அந்த எழுத்துகளுக்கு உதடு ஒட்டியாக வேண்டும். ஒலி வரும் ஃபிரேமில் உதடு திறந்திருந்தால் ஒரு ஃபிரேம் முன்னே பின்னே தள்ளிப் பார். அதெல்லாம் முடிந்தபின் கண்ணை மூடாமல் ஒரு தடவை முழுசாகப் பார். எங்கே சலிக்கிறதோ அங்கே மட்டும் வெட்டு.

இவ்வளவும் எழுதியதைப் பார்த்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே கண்ணு. போன வருஷம் நீ எடுத்த சைக்கிள் கடைக் குறும்படத்தைப் பெரியப்பா எத்தனை பேருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார் என்று உன் பெரியம்மாவைக் கேள். பால்காரரையும் விடவில்லை. அதில் பஞ்சர் ஒட்டும் கையை நீ விடாமல் பிடித்திருந்தாய். அது சொல்லிக்கொடுத்து வருவது இல்லை. உனக்கு நல்ல கண் இருக்கிறது. நம் வீட்டில் இந்த வேலையில் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது, பெரியப்பா உட்பட. நீ எப்படி எடுத்தாலும் நன்றாகத்தான் வரும். செலவுக்கு உன் அப்பா கணக்கில் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறது. அவனிடம் கணக்குச் சொல்ல வேண்டாம். பழைய டிரைபாடைத் துடைத்து, தலைப்பக்கத்துத் திருகை மாற்றியாயிற்று. ஊருக்கு வரும் பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறோம். அது உனக்கே, திருப்பித் தர வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை என்று ஆச்சியிடம் சொல்லிவைத்திருக்கிறது. வேட்டி இரண்டு வெளுத்து வந்துவிட்டது. எத்தனை பேர் வருகிறீர்கள், யார் யாருக்கு முட்டை ஆகாது என்று மட்டும் நீ ஆச்சிக்குப் போன் செய்து சொல்லிவிடு.

அன்புடன்,
பெரியப்பா