கம்ப்யூட்டருக்கும் இரண்டு சாவி வேண்டும்



நம் குழுக்களின் வங்கிக் கணக்கில் ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டால் பணம் வராது. ஊக்குநர், இரண்டு பிரதிநிதிகள் என்று மூன்று பேரில் இருவர் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனாலும், ஆஸ்பத்திரியில் படுத்தாலும் மற்ற இருவரை வைத்துக் குழு வேலை ஓடும். பீரோவுக்கும் அப்படித்தான். வாங்கும்போதே இரண்டு சாவி கேட்டு வாங்குகிறோம். இதை யாரும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் வீட்டுக்கு வந்திருக்கும் கம்ப்யூட்டருக்கு மட்டும் ஏனோ ஒரே சாவியோடு விட்டுவிடுகிறோம்.

2011இல் அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்தது, உள்கடன் வாங்கிப் பழையதாக வாங்கியது, தையல் யூனிட்டுக்காக வாங்கியது என்று இன்றைக்குப் பல உறுப்பினர்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது. குழுவின் கடன் கணக்கு, ஆதார், பட்டா நகல்கள், பிள்ளைகளின் சான்றிதழ், கல்யாண போட்டோ எல்லாம் அதற்குள்ளேதான். அத்தனையும் ஒரே ஒரு பாஸ்வேர்டுக்குப் பின்னால்!

நமக்குத் தெரிந்த ஒரு குழுவில் நடந்ததைக் கேளுங்கள். உறுப்பினர் ஒருவரின் மகள்தான் குழுவுக்குக் கணக்கு எழுதி வந்தார். படித்த பெண், சுறுசுறுப்பு. நோட்டில் எழுதுவதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். குழுவும் சந்தோஷமாக விட்டுவிட்டது. கல்யாணமாகி வெளியூர் போனார். வங்கிக் கடனுக்குக் கணக்கு கேட்டபோது கம்ப்யூட்டரைத் திறக்க முடியவில்லை. போன் போட்டால் மாமியார் வீட்டில் எடுக்கிற நேரம் தனி. கிடைத்தபோது அவர் ஞாபகம் வைத்துச் சொன்ன இரண்டு பாஸ்வேர்டும் பொருந்தவில்லை. கடைக்காரத் தம்பி, "ஃபார்மேட் போட்டுத் தர்றேன்க்கா, உள்ள இருக்கிறது போயிடும்" என்றார். கடைசியில் உறுப்பினர்களின் பாஸ் புத்தகங்களையும் வங்கிப் பாஸ் புத்தகத்தையும் பரப்பி வைத்துக்கொண்டு, பழைய கணக்கை முதலில் இருந்து எழுதினார்கள். சிலருடைய பாஸ் புத்தகத்தில் மாதக்கணக்கில் பதிவே இல்லை. "நான் கட்டினேன்", "கட்டலை" என்று பேச்சு வளர்ந்தது. பாஸ்வேர்டு ஒன்றுக்காக, பல வருடம் ஒன்றாக உட்கார்ந்த பெண்கள் முகம் பார்க்காமல் போகும் நிலை வந்தது.

இதைத் தடுக்கும் வேலை அரை மணி நேர வேலைதான்.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் யூசர் அக்கவுண்ட் இரண்டு வகை. ஒன்று அட்மினிஸ்ட்ரேட்டர், அதாவது நிர்வாகி. இவர் புதிய புரோகிராம் போடலாம், எடுக்கலாம், புதிய ஆளைச் சேர்க்கலாம், இன்னொருவருடைய பாஸ்வேர்டை மாற்றலாம். மற்றது ஸ்டாண்டர்டு யூசர். இவர் கணக்கு எழுதலாம், படம் பார்க்கலாம், இண்டர்நெட் போகலாம்; கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்ற நினைத்தால் நிர்வாகியின் பாஸ்வேர்டைக் கேட்கும். புதுக் கம்ப்யூட்டரில் முதலில் யார் பெயரைப் போடுகிறோமோ அவர் நிர்வாகி ஆகிவிடுகிறார். பெரும்பாலும் அவர் ஒருவர்தான் நிர்வாகி. அவர் மறந்துவிட்டால், ஊரில் இல்லாவிட்டால், அல்லது கரண்ட் போய் வந்ததில் அவருடைய அக்கவுண்ட் பழுதாகிவிட்டால் நமக்கு வேறு வாசல் இல்லை. இரண்டாவதாக ஒரு நிர்வாகி இருந்தால் அந்த வழியாக உள்ளே போய்ச் சரிசெய்யலாம்.

அந்த இரண்டாவது நிர்வாகி யார்? இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. வீடுகளுக்குப் போய்க் கேட்டால் வரும் பதில், "அதெல்லாம் தம்பிதாங்க மேடம் போட்டுக் குடுத்தான், எனக்குத் தெரியாதுங்க." கடன் வாங்கியது அம்மா, தவணை கட்டுவது அம்மா, கம்ப்யூட்டர் மட்டும் தம்பி பேரில்! தம்பி காலேஜுக்கோ திருப்பூர் வேலைக்கோ போய்விட்டால் அம்மா அவன் லீவுக்காகக் காத்திருக்க வேண்டும். ஆகவே எங்கள் கருத்து இதுதான். வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு நிர்வாகி அக்கவுண்ட் அந்த வீட்டுப் பெண்ணின் பெயரில் இருக்கட்டும். பாஸ்வேர்டை அவரே யோசித்து, அவரே டைப் செய்யட்டும். ஆங்கிலம் வராது என்று ஒதுங்க வேண்டாம். ஏ.டி.எம். எண்ணை நினைவில் வைப்பவருக்கு இதுவும் வரும்.

செய்யும் முறையைப் பார்ப்போம். இப்போது நிர்வாகியாக இருப்பவரின் பெயரில்தான் முதலில் உள்ளே போக வேண்டும். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11 என்றால் ஸ்டார்ட், அதில் செட்டிங்ஸ், அதில் அக்கவுண்ட்ஸ், அதில் அதர் யூசர்ஸ் என்று போகவும். அங்கே 'ஆட் அக்கவுண்ட்' என்று ஒரு பட்டன் இருக்கும். அழுத்தினால் ஈமெயில் கேட்கும். கொடுக்க வேண்டாம். கீழே அந்த நபரின் விவரம் என்னிடம் இல்லை என்ற பொருளில் ஒரு வரி இருக்கும், அதை அழுத்தவும். அடுத்த பக்கத்தில் 'மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் இல்லாமல் சேர்' என்ற பொருளில் ஒரு வரி, அதையும் அழுத்தவும். இப்போது பெயர், பாஸ்வேர்டு, மூன்று பாதுகாப்புக் கேள்விகள் கேட்கும். பாஸ்வேர்டு மறந்தால் அந்தப் பதில்கள்தான் கை கொடுக்கும். அதனால் விளையாட்டாக எதையாவது அடிக்காமல், நினைவில் நிற்பதாக, ஆனால் ஊருக்கே தெரிந்ததாக இல்லாமல் பதில் கொடுங்கள். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு 'ஃபேமிலி அண்ட் அதர் யூசர்ஸ்' என்று இருக்கும், மற்றபடி வழி ஒன்றுதான். (விண்டோஸ் 10க்குக் கம்பெனி கொடுத்து வந்த பொதுவான இலவசப் பாதுகாப்பு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. உங்கள் மெஷினில் 11 போட முடியுமா என்று தெரிந்த ஒருவரிடம் காட்டுவது நல்லது.)

இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். புதிதாகச் சேர்த்த பெயர் வெறும் ஸ்டாண்டர்டு யூசராகத்தான் இருக்கும். பட்டியலில் அந்தப் பெயரை அழுத்தி, 'சேஞ்ச் அக்கவுண்ட் டைப்' என்பதில் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று மாற்றி ஓகே கொடுத்தால்தான் வேலை முடிந்தது. இல்லாவிட்டால் வாசல் கதவுக்கு வாங்கிய சாவி அடுப்படிக் கதவை மட்டும் திறந்த கதைதான்.

பிறகு கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, புதுப் பெயரில் உள்ளே போய்ப் பாருங்கள். முதல் தடவை சில நிமிடம் எடுக்கும். திரை காலியாக இருக்கும், போட்டோ, ஃபைல் எதுவும் தெரியாது. "ஐயையோ, எல்லாம் போச்சு" என்று பதற வேண்டாம். அவரவர் பொருள் அவரவர் அறையில் இருக்கிறது, அவ்வளவே. சி டிரைவில் யூசர்ஸ் என்ற ஃபோல்டருக்குள் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு ஃபோல்டர் இருக்கும். நிர்வாகியாக இருப்பவர் 'கன்டினியூ' கொடுத்து அடுத்தவர் ஃபோல்டரையும் திறக்க முடியும். இதனால்தான் நம்பிக்கையான ஆளுக்கு மட்டுமே இந்த அதிகாரத்தைக் கொடுக்க வேண்டும். "நாலு பேருக்கும் குடுத்துட்டா சுலபமா இருக்குமே" என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். வேண்டாம், இரண்டு போதும்.

இரண்டாவது நிர்வாகி சரியாக வேலை செய்கிறது என்று பார்த்த பிறகு இன்னொன்றும் செய்யலாம். பிள்ளைகள் தினமும் பயன்படுத்தும் பெயரை ஸ்டாண்டர்டு யூசராக மாற்றிவிடுங்கள். கண்ட விளையாட்டையும் இறக்கிப் போடும்போது பாஸ்வேர்டு கேட்டு நிற்கும். நாமும் கணக்கு எழுதத் தனியாக ஒரு ஸ்டாண்டர்டு பெயர் வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் வரிசை மாறக் கூடாது. முதலில் புதுச் சாவியைப் போட்டுத் திறந்து பார்ப்பது, அப்புறம்தான் பழைய சாவியை வாங்குவது. அப்போதும் கடைசியில் இரண்டு நிர்வாகி இருக்கிறார்களா என்று எண்ணிப் பாருங்கள்.

நாளைக்கு ஒருவர் பாஸ்வேர்டை மறந்தால், மற்ற நிர்வாகி உள்ளே போய், கன்ட்ரோல் பேனலில் யூசர் அக்கவுண்ட்ஸ் வழியாக அவருக்குப் புது பாஸ்வேர்டு போட்டுத் தரலாம். அப்படிப் போட்டால், மறந்தவர் இண்டர்நெட்டில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள் போய்விடலாம். எக்செல் கணக்கு, போட்டோ போன்ற சாதாரண ஃபைல்கள் அப்படியே இருக்கும். ஈமெயிலோடு இணைந்த மைக்ரோசாப்ட் அக்கவுண்டுக்கு மட்டும் இந்த வழி செல்லாது. அதற்கு, அதில் பதிவு செய்த போனுக்கோ ஈமெயிலுக்கோ எண் வரும். அந்த சிம் ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போனதா, யார் கையில் இருக்கிறது என்று இன்றைக்கே கேட்டு வையுங்கள்.

இப்போது பாஸ்வேர்டை எங்கே வைப்பது? கம்ப்யூட்டர் மேலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதை நாங்கள் நிறைய வீட்டில் பார்த்திருக்கிறோம். பூட்டிவிட்டுச் சாவியைத் திண்ணையில் வைப்பதற்கு இது சமம். ஒரு தாளில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தோடு தெளிவாக எழுதிக் கவரில் போட்டு ஒட்டுங்கள். குழுக் கணக்கு உள்ள கம்ப்யூட்டர் என்றால் ஒட்டிய இடத்தின் மேல் ஊக்குநரும் பிரதிநிதியும் கையெழுத்துப் போட்டு, தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி எழுதி, குழுப் பெட்டியில் வைக்கலாம். கவர் பிரிக்கப்பட்டால் தெரிந்துவிடும். பிரிக்க வேண்டி வந்தால் பாஸ்வேர்டை மாற்றிப் புதுக் கவர் போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்தப் பெயரில் உள்ளே போய்ப் பார்ப்பதும் அவசியம்.

இரண்டாவது நிர்வாகி இருந்தும் காப்பாற்ற முடியாத இடங்கள் உண்டு. ஹார்டு டிஸ்க் உடைந்தால் எந்தப் பெயரில் போனாலும் ஒன்றுமில்லை. அதற்குப் பென் டிரைவில் மாதா மாதம் நகல் எடுப்பதும், ரொக்கப் புத்தகத்தைக் கையால் எழுதுவதும்தான் வழி. புதிய கம்ப்யூட்டர்கள் பலவற்றில், மைக்ரோசாப்ட் அக்கவுண்டோடு தொடங்கினால் டிஸ்க் தானாகவே பூட்டிக்கொள்ளும். ரிப்பேருக்குப் பிறகு சில சமயம் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்டு நிற்கும். அந்த எண், தொடங்கியவரின் மைக்ரோசாப்ட் அக்கவுண்டில் சேமிக்கப்பட்டிருக்கும். அதையும் இப்போதே எடுத்து அதே கவருக்குள் எழுதி வைத்துவிடுங்கள்.

கணக்கு எழுதுபவர் மாறும்போது அவருடைய பெயரை உடனே 'ரிமூவ்' செய்துவிட வேண்டாம். அக்கவுண்டோடு அவருடைய ஃபைல்களையும் அழிக்கட்டுமா என்று கேட்கும், ஓகே கொடுத்தால் குழுக் கணக்கும் சேர்ந்து போகும். முதலில் ஃபைல்களை நகல் எடுத்து, புதியவர் திறந்து பார்த்து, அவருக்கு அக்கவுண்ட் போட்டு, பாஸ்வேர்டுகளை மாற்றி, கூட்டத்தில் எழுதி வாங்கிய பிறகு பழைய பெயரை எடுத்தால் போதும். கணக்கர் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வரும் அன்றைக்கே இந்தப் பேச்சை எடுத்துவிடுங்கள். கல்யாணத்துக்கு அப்புறம் அவரைப் பிடிப்பது கஷ்டம்.