கேமரா மோகமும் கேட்காத குரலும்

கிணத்துக்கடவு தக்காளிச் சந்தை வணிகர் முதல் குறிச்சித் தொழிற்பேட்டையின் பட்டறை உரிமையாளர் வரை, தம் தொழிலைப் பற்றி இரண்டு நிமிடம் பேசிச் சமூக ஊடகத்தில் ஏற்ற விரும்பும் எவருக்கும் இன்று தவறாமல் கிடைக்கும் அறிவுரை ஒன்று உண்டு. போன் கேமரா போதாது, விலையுயர்ந்த கேமரா ஒன்றை வாங்காதவரை அந்த வீடியோவை யாரும் பார்க்கமாட்டார்கள் என்பதே அது. விற்பவர் சொல்வதில் வியப்பில்லை. வாங்கி ஏமாந்தவரும் அதையே அடுத்தவருக்குச் சொல்லிக்கொண்டிருப்பதுதான் பொறுக்க முடியாதது. இந்த நம்பிக்கை அடிப்படையிலேயே தவறு என்பதோடு, கோளாறு இருக்கும் இடத்தை விட்டு வேறோரிடத்தில் பணத்தைக் கொட்டச் செய்வதால் தீங்கானதும்கூட.

சாதாரண போன் ஒன்றும் இன்று 1920-க்கு 1080 என்ற புள்ளிக் கணக்கில் படம் பிடிக்கிறது. அதைப் பார்ப்பவரின் கையில் இருப்பதோ ஒரு சாண் அகலம்கூட இல்லாத திரை. அத்துடன், ஏற்றப்படும் எந்த வீடியோவையும் வாட்ஸப், யூடியூப், இன்ஸ்டாகிராம் ஆகிய தளங்கள் தம் வசதிக்காக மீண்டும் சுருக்கிவிடுவதால், உயர்ந்த கேமரா தரும் நுட்ப வேறுபாடுகளில் பெரும்பகுதி வழியிலேயே கழிந்துபோகிறது. ஷான் பேக்கர் 2015-இல் வெளியிட்ட ‘டேஞ்சரின்’ திரைப்படம் ஐபோன் 5எஸ் கொண்டும், ஸ்டீவன் ஸோடர்பெர்கின் ‘அன்சேன்’ 2018-இல் ஐபோன் 7 பிளஸ் கொண்டும் எடுக்கப்பட்டு அரங்குகளில் ஓடின. ஆனால் இவற்றை மேற்கோள் காட்டுவோர் ஒன்றைச் சொல்லத் தவறிவிடுகிறார்கள்: ‘டேஞ்சரின்’ படக்குழு படத்தைப் போனில் பிடித்தாலும் ஒலியைப் போனிடம் விடவில்லை, தனி ஒலிவாங்கிகளையும் தனிப் பதிவுக் கருவியையும் கொண்டு அதைப் பதிவு செய்தது.

வீடியோவைப் பாதியில் தள்ளிவிட வைப்பது பெரும்பாலும் மங்கிய படமன்று, புரியாத பேச்சு. ஒலியின் அளவைக் குறிக்கும் அலகான டெசிபல் கணக்கில், திறந்தவெளியில் பேசுபவருக்கும் ஒலிவாங்கிக்கும் இடையிலான தொலைவு இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் குறைகிறது. முழு உருவமும் தெரிய வேண்டுமென்று 160 சென்டிமீட்டர் தள்ளி முக்காலியில் வைக்கப்பட்ட போனுக்கும், சட்டையில் வாயிலிருந்து 20 சென்டிமீட்டர் கீழே செருகப்பட்ட காலர் மைக்குக்கும் உள்ள வேறுபாடு, இக்கணக்கின்படி 18 டெசிபல். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் கம்பி மைக் ஒன்று தரும் இந்த ஆதாயத்தை எத்தனை லட்ச ரூபாய்க் கேமராவும் தன் உடலில் பதித்த ஒலிவாங்கியால் தர முடியாது.

அறைக்குள் நிலைமை இன்னும் மோசம். கான்கிரீட் கூரையும் டைல்ஸ் தரையும் வெறுஞ்சுவரும் கொண்ட புதுவீட்டு அறையில் ஒவ்வொரு சொல்லும் பலமுறை எதிரொலித்து அடுத்த சொல்லின்மீது விழுகிறது. தொலைவு கூடும்போது நேரே வரும் குரல் தேய்கிறதே தவிர, அறை முழுதும் பரவிய எதிரொலி அவ்வளவாகத் தேய்வதில்லை. ஆகவே தள்ளி நின்று உரக்கப் பேசுவதால் குரலோடு எதிரொலியும் சேர்ந்தே உயரும். பேசும்படம் வந்த காலத்தில் படப்பிடிப்புத் தளங்களையே ஒலிக்காப்புடன் கட்ட வேண்டியிருந்ததும், சென்ட்ரல் ஸ்டூடியோ, பட்சிராஜா என்று படநிறுவனங்கள் செழித்திருந்த கோவையில் இதை எடுத்துச்சொல்ல வேண்டியிருப்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கவை. இன்றைக்கு அவ்வளவு செலவு தேவையில்லை. பேசுபவருக்கு எதிரே, போனுக்குப் பின்னால் ஒரு தடித்த பஞ்சு மெத்தையை நிறுத்தினாலும், துணிகள் தொங்கும் திறந்த அலமாரிக்கு முன் நின்று பேசினாலும், கண்ணாடிகளை ஏற்றிய காருக்குள் அமர்ந்து பேசினாலும் எதிரொலி பெருமளவு அடங்கிவிடும்.

வெளியே பேசுவோருக்குக் கோவை வட்டாரத்தில் தனிச்சோதனை ஒன்று உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகன்ற இடைவெளியான பாலக்காட்டுக் கணவாய் வழியே, தென்மேற்குப் பருவக் காலமான ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் காற்றே பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பகுதிகளின் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அதே காற்று தென்னந்தோப்பில் நின்று பேசுபவரின் ஒலிவாங்கியில் மோதும்போது, அதனுள் இருக்கும் மெல்லிய சவ்வை நேரடியாக அழுத்தித் தள்ளித் தடதடவென்ற இரைச்சலை உண்டாக்குகிறது. அழுத்தம் வரம்பை மீறினால் ஒலியலையின் உச்சி வெட்டுண்டு போகும். அவ்வாறு சிதைந்ததைச் செயலி நீக்கிக்கொடுக்கும் என்பது முதல் நம்பிக்கையின் உடன்பிறப்பு. மின்விசிறி ஓசைபோல் ஒரே சீராக வருவதைச் செயலி குறைக்கலாம். பதிவாகாத சொல்லை அதனால் மீட்டுத்தர முடியாது, முயன்றால் குரல் தகரத்தில் பேசியதுபோல் ஆகிவிடும். ஸ்பாஞ்ச் உறையோ, அதைவிடச் சிறந்த ரோம இழை உறையோ மைக்கின்மேல் போட்டு, காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் வேலை முடிந்தது.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. வட்ட விளக்கு கட்டாயமன்று. சன்னலைப் பார்த்து நின்றால் போதும். குழல்விளக்கின் கீழ் படத்தில் கோடுகள் ஓடுவதும் கேமராவின் மட்டத்தனமன்று: இந்திய மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்டதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன, நொடிக்கு 30 சட்டகங்கள் (ஃபிரேம்கள்) கொண்ட பதிவு அதனோடு ஒத்துப்போவதில்லை, 25 சட்டகம் என்று மாற்றினாலே பெரும்பாலும் சரியாகும். மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டியதில்லை, ஆனால் திரையில் தெரியும் தம் முகத்தைப் பார்க்காமல் லென்ஸைப் பார்த்துப் பேச வேண்டும். ஆங்கிலத்தில் பேசினால்தான் மதிப்பு என்பவர்கள், பம்புசெட் வாங்க வரும் விவசாயி எந்த மொழியில் விலை கேட்கிறார் என்பதை முதலில் கவனிக்கட்டும்.

நல்ல மைக்கும் மெத்தையும் இருந்தும் கோவை–பொள்ளாச்சிச் சாலையோரக் கடைக்காரர் ஒரு நிமிடம் தடையின்றிப் பதிவு செய்ய முடியாமல் தவிப்பதற்குக் காரணம் பேருந்துகளின் ஏர்ஹாரன். பல சுரங்களில் அலறும் ஹாரன்களையும் காதைத் துளைக்கும் ஹாரன்களையும் 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், விதி 119-இல், தடை செய்திருக்கின்றன. 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் பகலில் குடியிருப்புப் பகுதிக்கு 55, வணிகப் பகுதிக்கு 65 டெசிபல் என வரம்பு வகுத்திருக்கின்றன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவிடத்தில் ஒலிபெருக்கி கூடாது என்கின்றன. வரம்பை 10 டெசிபலோ அதற்கு மேலோ மீறிய இரைச்சலுக்கு எதிராக எவரும் உரிய அதிகாரியிடம் புகார் தரலாம் என்றும் சொல்கின்றன. கேமராவுக்காகப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கும் கடைக்காரர்கள் கூடி, போனிலேயே கிடைக்கும் ஒலியளவிச் செயலியால் தோராயமாகவாவது அளந்து, நாளும் நேரமும் குறித்து அந்தப் புகாரை எழுதித் தர வேண்டும். பேருந்து நிலையத்திலேயே ஹாரன்களைச் சோதித்துக் கழற்றும்படி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தையும் கேட்க வேண்டும்.